பழைய கொரோலா 121: மூன்றாம் கியரில் ஸ்லிப் அடிக்கும் ஓட்டோமட்டிக் கியர்பெட்டியைத் திருத்தலாமா, மாற்றிவிடலாமா?

நல்லூர் வாசி:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2002-ஆம் ஆண்டில் ஜப்பானில் தயாராகி, பின்னர் இலங்கைக்கு இறக்குமதியான டொயோட்டா கொரோலா 121. என்ஜின் 1.5 லீற்றர், கியர்பெட்டி நான்கு கியர் கொண்ட ஓட்டோமட்டிக். மீற்றர் இரண்டு இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது இறக்குமதி வாகனம் வைத்திருப்பவர்கள் அனைவருக்கும் தெரிந்ததே. எனக்கு முன்னர் வைத்திருந்தவர் கியர் ஒயில் மாற்றியதற்கு எந்தப் பதிவும் இல்லை.

யாழ்ப்பாணத்துக்குள் ஓடும்வரை வாகனத்தில் ஒரு குறையும் தெரிவதில்லை. ஏ9 வீதியில் கிளிநொச்சியைக் கடந்து கியர்பெட்டி நன்றாகச் சூடேறிய பின்னர்தான் சிக்கல் தொடங்குகிறது. இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாறும் நேரத்தில் என்ஜின் சுற்று 2,500-இலிருந்து 3,500 வரை ஏறிவிடுகிறது. வேகம் மட்டும் ஏறுவதில்லை. ஓரிரு விநாடி கழித்து மெல்ல இழுத்துப் பிடிக்கிறது. முந்திச் செல்வதற்காக அக்சிலரேற்றரை அழுத்தினால் மூன்றிலும் நான்கிலும் இதே நிலைதான். தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைப் பக்கம் ஏறும்போது இது மிகவும் கூடுகிறது. முதலாம், இரண்டாம் கியர்களும் ரிவர்சும் சூட்டிலும் நன்றாகவே இழுக்கின்றன. டாஷ்போர்டில், கியர்பெட்டியின் பழுதைச் சிமிட்டிக் காட்டும் ஓ/டி (ஓவர்டிரைவ், அதாவது நான்காம் கியர்) ஓஃப் விளக்கு சிமிட்டவில்லை. நிலத்தில் ஒயில் சிந்திய தடமும் இல்லை.

இரண்டு கராஜ்களில் காட்டினேன். ஒருவர் சற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, கொழும்புப் பஞ்சிகாவத்தையிலுள்ள பழைய உதிரிக் கடைகளில் வேறு கியர்பெட்டி எடுத்துப் பூட்டுவதே வழி என்றார். மற்றவர் மெஷின் வைத்து ஒயிலை முழுவதுமாகக் கழுவி மாற்றினால் சரியாகிவிடும் என்றார். இருவருமே ஸ்கேனரோ பிரஷர் கேஜோ பூட்டிப் பார்க்கவில்லை. டிப்ஸ்டிக்கில் அளவு சரியாக இருக்கிறது. ஆனால் ஒயில் கரும்பழுப்பு நிறமாகி, இலேசான கருகல் வாடையும் வீசுகிறது. கடைசியாகச் சேவிஸ் செய்த இடத்தில் ஏதோ ஒரு சிவப்பு ஒயிலைச் சிறிது சேர்த்திருக்கிறார்கள். எந்த வகை என்று கேட்டதற்கு அவர்களிடம் விடையில்லை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறக்கப்பட்டுவிட்டாலும், இன்றைய விலையில் வேறு கார் வாங்கும் எண்ணம் எனக்கில்லை. இதையே இன்னும் சில வருடங்கள் ஓட்டியாக வேண்டும். பெட்டியைக் கழற்றாமல் உள்ளே எது பழுதென்று கண்டறிய முடியுமா? இந்த நிலையில் ஒயில் மாற்றுவது நல்லதா, கெடுதலா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றி.


மாத்தளை மெக்கானிக்:

வணக்கம் ஐயா. கழற்றாமலே பெரும்பகுதியைக் கண்டறியலாம். நீங்கள் எழுதியிருக்கும் குறிப்பே பாதி வேலையை முடித்துவிட்டது. ஏனெனில் எந்தக் கியர் நழுவுகிறது என்பதைவிட எந்தக் கியர்கள் நழுவவில்லை என்பதே அதிகம் சொல்லும்.

உங்கள் வாகனத்தில் இருப்பது யூ340 குடும்பத்துப் பெட்டி. காலத்துக்கு ஒயில் கிடைத்தால் நெடுநாள் உழைக்கும் வகை இது. இதற்குள் சுழலும் பாகங்களை இணைக்கும் மூன்று கிளச்சுகள் (சி), ஒரு பாகத்தைச் சுழலாமல் நிறுத்தும் மூன்று பிரேக்குகள் (பி), ஒரு திசையில் மட்டும் சுழலவிடும் இரண்டு ஒருவழிக் கிளச்சுகள் (எஃப்) உள்ளன. கணினி இவற்றைச் சோடி சோடியாகப் பிடித்தும் விட்டும் கியர்களை உண்டாக்குகிறது. முன்செல்லும் கிளச்சாகிய சி1 முதலாம், இரண்டாம், மூன்றாம் கியர்களில் பிடிக்கும். டிரெக்ட் கிளச் எனப்படும் சி2 மூன்றிலும் நான்கிலும் மட்டும் பிடிக்கும். ரிவர்சுக்கு சி3 என்ற கிளச்சும் பி3 என்ற பிரேக்கும் வேண்டும். நான்காவதில் சி2 உடன் பி1 பிரேக் சேர்ந்துகொள்ளும். இதை வைத்துக்கொண்டு உங்கள் வாகனத்தைப் பாருங்கள். முதலாவதும் இரண்டாவதும் நன்றாக இழுப்பதால் சி1 நலமாக இருக்கிறது. ரிவர்ஸ் இழுப்பதால் சி3-உம் பி3-உம் நலம். மூன்றும் நான்கும் நழுவுகின்றன. அவ்விரண்டுக்கும் பொதுவாகவும் மற்றவற்றுக்குத் தேவைப்படாமலும் இருப்பது சி2 ஒன்றே. பம்ப் தேய்ந்தோ ஃபில்டர் அடைத்தோ மொத்தப் பிரஷரும் குறைந்திருந்தால் எல்லாக் கியர்களும் தடுமாறியிருக்கும். குறிப்பாக ரிவர்ஸ் முதலில் காட்டிக்கொடுத்திருக்கும்.

இதே வழியில் மற்றவர்களும் தங்கள் வாகனத்தைப் படிக்கலாம். நான்காவது மட்டும் நழுவினால் பி1-ஐச் சந்தேகிக்க வேண்டும். வழமையாக ஓட்டும் டி நிலையில் முதலாவது நழுவி, முதலாம் கியரிலேயே நிறுத்தும் எல் நிலையில் போட்டால் பிடிக்கிறதென்றால் ஒருவழிக் கிளச் எஃப்2 போயிருக்கும். எல்-இல் அதன் வேலையை பி3 தாங்கிக்கொள்வதால்தான் அப்போது பிடிக்கிறது. ரிவர்ஸ் நழுவும்போது எல்-இல் என்ஜின் பிரேக்கிங் கிடைக்கிறதா என்று பார்த்தால், பழுது சி3-இலா பி3-இலா என்று பிரித்தறியலாம். இந்தக் கணக்குக்கு ஒரு ரூபாயும் செலவில்லை. ஆயினும் நம் கராஜ்களில் இதைப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

ஓ/டி பொத்தானை ஓஃப் செய்து ஓட்டிப் பாருங்கள். அப்போது வாகனம் மூன்றோடு நின்றுவிடும். நான்காவது இல்லாத நிலையிலும் சூட்டில் நழுவல் இருக்குமாயின் சி2 மீதான சந்தேகம் உறுதிப்படும். அடுத்து, நல்ல ஸ்கேனர் உள்ள ஒருவரைப் பிடித்து, என்ஜின் சுற்றையும் டர்பைன் சுற்றையும் (கியர்பெட்டிக்குள் நுழையும் சுற்று) வாகன வேகத்தையும் ஒரே திரையில் வைத்துக்கொண்டு ஓட்டச் சொல்லுங்கள். நழுவும் தருணத்தில் என்ஜின் சுற்றும் டர்பைன் சுற்றும் சேர்ந்தே ஏறி, வேகம் மட்டும் நின்றால் பழுது கியர்பெட்டியின் கிளச்சில் இருக்கிறது. என்ஜின் சுற்று மட்டும் தனியே விலகி ஏறினால் என்ஜினையும் பெட்டியையும் ஒயிலால் இணைக்கும் டோர்க் கொன்வேர்ட்டரையும், அவ்விரண்டையும் நேரடியாகப் பூட்டும் அதன் லொக்கப் கிளச்சையும் பார்க்க வேண்டும். மலிவான புளூடூத் கருவிகள் ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான வாகனங்களுடன் பல நேரம் பேசவே மாட்டா. பேசினாலும் டர்பைன் சுற்றைக் காட்டமாட்டா. ஸ்கேனர் கிடைக்காவிட்டால், ஸ்டியரிங்கின் கீழுள்ள சொக்கெட்டில் 13-ஆவது, 4-ஆவது முனைகளை ஒரு வயர்த்துண்டால் இணைத்துச் சாவியை ஓன் செய்தால், பழுதுக் குறியீடு ஏதாவது பதிவாகியிருப்பின் ஓ/டி ஓஃப் விளக்கு சிமிட்டிக் காட்டும். முனையை மாறி இணைத்துவிடாதீர்கள்.

ஒயில் அளவையும் மீண்டும் ஒருமுறை முறைப்படி பாருங்கள். ஒயில் 70 முதல் 80 பாகை சூட்டில் இருக்க வேண்டும். வாகனம் சமநிலத்தில் நிற்க, என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி பி-யிலிருந்து எல் வரை ஒவ்வொரு நிலையிலும் சற்று நிறுத்தி மீண்டும் பி-க்கு வந்த பிறகு, ஹொட் என்று குறித்த இடைவெளிக்குள் அளவு நிற்க வேண்டும். என்ஜினை நிறுத்திவிட்டுப் பார்த்த அளவு தவறாகவே இருக்கும்.


வன்னிச் சாரதி:

மெக்கானிக் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் முன்னர் ஓட்டியது கொரோலா 110. அதிலும் இதேபோல் சுற்று ஏறியது; பார்த்தால் கிளச்சில் பழுதே இல்லை. அந்த வகைப் பெட்டிகளில் திரொட்டிலிலிருந்து கியர்பெட்டிக்கு ஒரு கேபிள் போகிறது. அக்சிலரேற்றரை அழுத்தும் அளவுக்கு ஏற்பப் பிரஷரைக் கூட்டுவது அதுதான். கேபிள் தளர்ந்திருந்ததால் பாரம் ஏறும்போது பிரஷர் போதவில்லை. இழுத்துச் சரிசெய்த பின் நழுவல் நின்றுவிட்டது. 121 வைத்திருப்பவருக்கு இது பொருந்தாமல் போகலாம்; ஆனால் 110-உம் அதற்கு முந்தியவையும் இன்னும் வீதியில் நிறையவே ஓடுவதால் எழுதுகிறேன்.

மற்றது, கியர் ஒயிலுக்குள் ஊற்றும் ஸ்லிப் நிறுத்தி மருந்து கடைகளில் விற்கிறார்கள். என் நண்பர் ஒருவர் ஊற்றி நல்ல பலன் கண்டார். பெரிய செலவுக்கு முன் அதையும் ஒருமுறை முயன்று பார்க்கலாமே?


மாத்தளை மெக்கானிக்:

தம்பி சொன்ன கேபிள் விடயம் மிகச் சரி. 110-இல் ஸ்லிப் என்று வரும் வாகனத்துக்கு நான் முதலில் பார்ப்பது அதைத்தான். அக்சிலரேற்றரை முழுதாக மிதித்த நிலையில் கேபிள் உறையின் முனைக்கும் அதன் ஸ்டொப்பருக்கும் இடையே 0 முதல் 1 மில்லிமீற்றர் இடைவெளி மட்டுமே இருக்கலாம். 121-இல் இந்த வேலையை எஸ்எல்டி (SLT) என்ற சொலனொயிட், அதாவது மின்சாரத்தால் இயங்கும் வால்வு, செய்கிறது. அதன் வயர் அறுந்தால் பிரஷர் குறையாது. உச்சத்துக்குப் போய், கியர் மாறும்போது பலமாக இடிக்கும். நல்லூர் ஐயாவின் வாகனம் இடிக்காமல் நழுவுவதால் அந்த வயரைச் சந்தேகிக்க இடமில்லை.

மருந்து பற்றி எனக்கு வேறு கருத்து. ஒரு கிளச் ஏன் நழுவுகிறது என்று பார்க்க வேண்டும். கிளச் தொகுதிக்குள் உராய்வுத் தாள் ஒட்டிய பிளேட்டுகளும் வெறும் ஸ்டீல் பிளேட்டுகளும் மாறி மாறி அடுக்கியிருக்கும். பிரஷரில் வரும் ஒயில் ஒரு பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் அந்த அடுக்கை நெரித்துப் பிடிக்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் இருபது வருடச் சூட்டில் இறுகி, வளையும் தன்மையை இழந்துவிடுகிறது. ஒயில் குளிர்ந்து தடிப்பாக இருக்கும்போது அந்தச் சீல் ஓரளவு தாங்கும். சூடேறி ஒயில் மெலிந்ததும் ஓரத்தால் கசிந்து பிஸ்டனுக்குப் பின்னால் பிரஷர் விழுந்துவிடும். கிளிநொச்சி தாண்டிய பின் தொடங்குவது இதனாலேயே. நெரிப்புக் குறைந்த பிளேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் சூடேறும், தாள் கருகும், கருகிய தூள் ஒயிலைக் கறுப்பாக்கும். புட்டியில் வரும் மருந்து ஒயிலைத் தடிப்பாக்கியோ சீலைச் சற்றே ஊதவைத்தோ சிறிது காலம் ஒப்பேற்றலாம். கருகிப்போன தாளை அது மீட்டுத் தராது. அந்தக் காலத்துக்குள் ஸ்டீல் பிளேட்டும் டிரம்மும் வெந்து, திருத்தும் செலவு கூடிவிடும். விற்பதற்காக ஊற்றுபவர்கள் உண்டு. வைத்து ஓட்டப் போகிறவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

இனி ஒயில் மாற்றம். பழைய ஒயிலை மாற்றினால் பெட்டி செத்துவிடும் என்ற பேச்சு ஊரெங்கும் உண்டு. நடப்பது என்னவென்றால், கிளச் ஏற்கெனவே தேய்ந்து கடைசி மூச்சில் இருக்கும்போதுதான் பலர் ஒயில் மாற்ற வருகிறார்கள்; அடுத்த மாதம் அது நின்றதும் பழி புது ஒயில்மேல் விழுகிறது. அதற்காக மெஷின் வைத்துக் கழுவவும் நான் விடமாட்டேன். பல வருடம் தங்கிய அழுக்கைக் கிளப்பி ஒயிலைக் கிளச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் வால்வு பாடியின் நுண்துளைகளுக்குள் தள்ளிவிடும் ஆபத்து அதில் உண்டு. கீழ்த்தட்டைக் கழற்றி வடித்தால் ஏறத்தாழ 3 லீற்றர்தான் வெளியே வரும். மீதி டோர்க் கொன்வேர்ட்டரிலும் கூலர் குழாயிலும் தங்கிவிடும். அந்த 3 லீற்றரை மாற்றுவதே போதும். உங்கள் விடயத்தில் தட்டைக் கழற்றுவதன் நோக்கம் ஒயில் மாற்றுவதைவிட உள்ளே என்ன விழுந்திருக்கிறது என்று பார்ப்பதுதான்.

தட்டில் இருக்கும் காந்தங்களில் மெல்லிய சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருந்தால் அது இத்தனை ஓட்டத்துக்கு இயல்பே. காந்தத்தில் ஒட்டும் துருவல்கள் பல்சக்கரம், பெயாரிங், ஸ்டீல் பிளேட் ஆகியவற்றின் தேய்மானம். காந்தத்தில் ஒட்டாத பித்தளை மினுக்கம் புஷ்ஷின் தேய்மானம். கறுத்த நார்த்தூள் கிளச்சின் தாள். ஒயில் இளஞ்சிவப்பு மில்க்ஷேக் போலக் கலங்கியிருந்தால், ரேடியேற்றருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகித் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்தத் தண்ணீர் தாளை ஒட்டிய பசையையே கரைத்துவிடும் என்பதால் பெட்டியை முழுமையாகத் திறக்காமல் அந்த வாகனத்தை ஓட்டவே கூடாது.

ஒயில் வகையைப் பொறுத்தவரை இந்தப் பெட்டிக்கு உரியது டொயோட்டாவின் டைப் டி-ஐவி (Type T-IV). பின்னர் வந்த டபிள்யூஎஸ் (WS) ஒயில் அதைவிட மெல்லியது. பெயர் புதிதாக இருப்பதாலேயே மேலானது என்று நினைத்து ஊற்றிவிடக் கூடாது. சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல.

சரியான கேஜ் உள்ள ஒருவரிடம் லைன் பிரஷரும் (பெட்டியின் முதன்மை ஒயில் அழுத்தம்) பார்த்துக்கொள்ளுங்கள். டி-யிலும் ரிவர்சிலும் தனித்தனியே எடுத்து, மெனுவலில் உள்ள எல்லையோடு ஒப்பிட வேண்டும். ரிவர்சில் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். இரண்டும் எல்லைக்குள் இருந்தால், பம்பும் முதன்மை வால்வும் நலம்; கசிவு சி2-க்குப் போகும் வழியில் மட்டும் இருக்கிறது என்று முடிவு செய்யலாம்.


கொட்டாஞ்சேனை:

ஸ்டோல் டெஸ்ட் செய்து பார்த்தால் என்ன? பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு முழு அக்சிலரேற்றரும் கொடுத்தால் எத்தனை சுற்றில் நிற்கிறது என்று பார்ப்பது எளிதல்லவா?


மாத்தளை மெக்கானிக்:

எளிதுதான். ஆனால் நின்ற நிலையில் டி-யில் செய்யும் அந்தச் சோதனை சோதிப்பது முதலாம் கியரை. அதாவது சி1-ஐயும் எஃப்2-ஐயும். இவருடைய பழுது இருக்கும் சி2 அந்தச் சோதனையில் கலந்துகொள்வதே இல்லை. ஒவ்வொரு முறையும் 5 விநாடிக்கு மேல் அழுத்தக் கூடாது என்ற விதி இருக்கும் அளவுக்கு அது சூட்டைக் கிளப்பும் சோதனை. பயன் இல்லாத இடத்தில் அந்தச் சூடு எதற்கு? முன்னே ஆள் நிற்க, வீதியோரத்தில் இதைச் செய்து பார்ப்பவர்களையும் கண்டிருக்கிறேன். அது கியர்பெட்டியைவிட உயிருக்கே ஆபத்து. அதற்குப் பதிலாகக் கால தாமதம் பாருங்கள். சூடான நிலையில், பிரேக்கை மிதித்தபடி, என்-இலிருந்து டி-க்குப் போட்டு அதிர்வு தெரியும்வரை 1.2 விநாடிக்குள், ரிவர்சுக்கு 1.5 விநாடிக்குள் இருக்க வேண்டும்.


கொட்டாஞ்சேனை:

விளக்கத்துக்கு நன்றி. நான் எழுத வந்தது மாற்றுப் பெட்டி பற்றி. பஞ்சிகாவத்தையில் 121-இன் பெட்டி கிடைக்காமல் போகாது. ஆனால் அங்கு வருவதும் அதே வயதுடைய வாகனத்திலிருந்து கழற்றியதுதான். உங்கள் சீலுக்கு இருபது வயதென்றால் அதன் சீலுக்கும் அதே வயது. நீண்ட காலம் ஒயிலின்றி அலுமாரியில் கிடந்திருந்தால் ரப்பர் இன்னும் மோசமாக இருக்கலாம். வாங்குவதாயின் உங்கள் பெட்டியின் குறியீட்டைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போங்கள். 1.3, 1.5, 1.8 என்ஜின்களுக்கும், இருசக்கர, நாற்சக்கர இயக்கங்களுக்கும் பெட்டிகள் வேறுபடும். வெளித்தோற்றம் ஒத்திருந்தாலும் இறுதிப் பல்சக்கர (ஃபைனல் டிரைவ்) விகிதமோ சொக்கெட்டோ மாறியிருக்கும். டிப்ஸ்டிக் துளைக்குள் ஒரு வெள்ளைத் துணியை விட்டு எடுத்துத் துணியின் நிறத்தையும் மணத்தையும் பாருங்கள். கடைக்காரர் தரும் உத்தரவாதம் பெட்டிக்கு மட்டுமே. அது சரிவராவிட்டால் கழற்றிப் பூட்டும் கூலியை இரண்டாம் முறையும் நீங்களே கொடுக்க வேண்டும்.

அப்படியிருந்தும், உங்கள் ஊரில் ஓட்டோமட்டிக் பெட்டியைத் திறந்து அளவெடுத்துப் பூட்டத் தெரிந்தவர் இல்லையென்றால், நல்ல பழைய பெட்டியே பாதுகாப்பு. அனுபவமில்லாதவர் திறந்து மூடிய பெட்டியைவிடத் திறக்காத பெட்டி மேல் என்பது என் கருத்து.


மாத்தளை மெக்கானிக்:

கடைசி வரியோடு நானும் உடன்படுகிறேன்.


நல்லூர் வாசி:

அனைவருக்கும் நன்றி. சொல்லியபடி செய்துபார்த்த விவரங்களை இங்கே எழுதுகிறேன். பின்னர் தேடிவருபவர்களுக்கும் உதவும்.

ஓ/டி ஓஃப் செய்தும் நழுவல் அப்படியே இருந்தது. வவுனியாவில் ஸ்கேனர் வைத்திருக்கும் ஒருவரிடம் ஓட்டிக் காட்டினேன். சுற்று ஏறும் தருணத்தில் என்ஜினும் டர்பைனும் ஒன்றாகவே ஏறின. பழுதுக் குறியீடு எதுவும் பதிவாகவில்லை. கால தாமதம் இரண்டு நிலைகளிலும் எல்லைக்குள் இருந்தது. லைன் பிரஷர் டி-யிலும் ரிவர்சிலும் மெனுவலில் உள்ளபடியே நின்றது. சொலனொயிட்களின் மின்தடையையும் அளந்தார். கியர் மாற்றும் இரண்டும் 11 முதல் 15 ஓமுக்குள், எஸ்எல்டி 5 ஓமுக்குச் சற்று மேல்; எல்லாம் சரி.

தட்டைக் கழற்றியபோது காந்தங்களில் களிம்பு இருந்தது, துருவல் இல்லை. ஆனால் தட்டின் மூலையில் கறுத்த தூள் படிந்திருந்தது. வால்வு பாடியை இறக்கிய பின், கிளச்சுகளுக்குப் போகும் துளைகளில் சதுர சென்ரிமீற்றருக்கு 4 கிலோ அளவுக்குக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்தார். சி1-இல் பிஸ்டன் தட்டும் சத்தம் தெளிவாகக் கேட்டது. சி2-இல் சத்தம் மங்கலாக இருந்ததோடு, காற்று தொடர்ந்து சீறியது. கிளச் மென்மையாகப் பிடிக்க உதவும் அக்யூமுலேட்டரின் ஓ-ரிங்கை முதலில் மாற்றிப் பார்த்தும் சீறல் நிற்கவில்லை. ஆகவே பெட்டியை இறக்கத் தீர்மானித்தோம்.

திறந்தபோது சி2-இன் பிஸ்டன் சீல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்கு இறுகியிருந்தது. தாள் பிளேட்டுகள் கறுத்து, சில இடங்களில் உரிந்திருந்தன; ஸ்டீல் பிளேட்டுகளில் நீலப் புள்ளிகள் இருந்தன. சி1-உம் மற்றவையும் தேய்மான எல்லைக்குள் இருந்தாலும், பெட்டி திறந்திருக்கும்போதே முழு சீல் தொகுதியையும், சி1, சி2 பிளேட்டுகளையும், ஃபில்டரையும் மாற்றிவிடுவது நல்லது என்றார், நானும் ஒப்புக்கொண்டேன். மொத்தச் செலவு மாற்றுப் பெட்டிக்குக் கேட்ட விலைக்கும் பூட்டுகூலிக்கும் சற்றுக் கீழேயே வரும் என்று தெரிகிறது.

உதிரிகள் கொழும்பிலிருந்து வந்துவிட்டன; இன்னும் பூட்டவில்லை. பூட்டும்போது நான் அருகிலிருந்து கவனிக்க வேண்டியவை எவை? டோர்க் கொன்வேர்ட்டரையும் மாற்ற வேண்டுமா?


மாத்தளை மெக்கானிக்:

நல்ல கையில் கொடுத்திருக்கிறீர்கள் ஐயா. காற்றழுத்தச் சோதனையை ஒழுங்காகச் செய்பவருக்குப் பூட்டுவது பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

புதிய தாள் பிளேட்டுகளை உலர்ந்தபடி அடுக்கக் கூடாது. டி-ஐவி ஒயிலில் ஆகக்குறைந்தது 15 நிமிடமாவது, முடிந்தால் இரண்டு மணி நேரம் ஊற வேண்டும். அடுக்கி முடித்ததும் பிளேட் அடுக்கின் இடைவெளியை அளந்து, மெனுவல் சொல்லும் எல்லைக்குள் வரும் தடிப்பைத் தெரிந்தெடுத்துப் போட வேண்டும். பலரும் தவறவிடுவது இதையே. இடைவெளி கூடினால் பிடிக்கத் தாமதமாகும், குறைந்தால் விட்டநிலையிலும் உரசிப் புதுத் தாளும் கருகும். நீலப் புள்ளி விழுந்த ஸ்டீல் பிளேட்டுகளைத் தேய்த்துத் திரும்பவும் போடச் சம்மதிக்காதீர்கள். டிரம்மை மூடியவுடன், பெட்டிக்குள் வைப்பதற்கு முன்பே, மறுபடியும் காற்றுக் கொடுத்துப் பார்க்கட்டும். புதிய சீலின் உதடு பூட்டும்போது மடிந்துபோவது அரிதல்ல.

டோர்க் கொன்வேர்ட்டர் பற்றி: ஸ்கேனரில் லொக்கப் நழுவல் தெரியாததாலும், தட்டில் துருவல் இல்லாததாலும் அதை மாற்றத் தேவையில்லை. ஆனால் அதற்குள் கருகிய தூள் கலந்த ஒயில் தங்கியிருக்கும். கவிழ்த்து வடித்து, புது ஒயில் ஊற்றி ஆட்டி மீண்டும் வடிக்க வேண்டும். கூலர் குழாய்களையும் ரேடியேற்றருக்குள் இருக்கும் கூலரையும் ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் கழுவி, குறைந்த அழுத்தக் காற்றால் ஊத வேண்டும். பழைய தூளைக் கூலரில் விட்டுவிட்டுப் புதுப் பெட்டியைப் பூட்டினால் முதல் நாளே அது பெட்டிக்குள் திரும்பிவிடும்.

என்ஜினோடு இணைக்கும் முன், டோர்க் கொன்வேர்ட்டர் பம்பின் பல்லில் முழுவதுமாக உட்கார்ந்திருக்கிறதா என்று, பெட்டியின் விளிம்பிலிருந்து உள்ளே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். முழுதாக உட்காராத நிலையில் போல்ட்டை இறுக்கி இழுத்தால் பம்ப் உடைந்துவிடும். அதன்பின் இத்தனை செலவும் வீண். கீழ்த்தட்டின் போல்ட்டுகளுக்கு வேண்டிய இறுக்கம் 8 நியூட்டன் மீற்றருக்கும் குறைவு. நீண்ட கைபிடி போட்டு இறுக்கினால் தட்டு வளைந்து ஒயில் கசியும்.

பெட்டி முழுதாக வடிந்திருப்பதால், முதலில் 4 லீற்றர் அளவு ஊற்றி, ஸ்டார்ட் செய்து எல்லா நிலைகளுக்கும் மாற்றி, டிப்ஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்துச் சிறிது சிறிதாகச் சேர்க்கட்டும். இறுதி அளவைச் சூட்டில் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். முதல் சில நாட்களுக்கு முழு அக்சிலரேற்றர் கொடுக்காமல் யாழ்ப்பாணத்துக்குள்ளேயே ஓட்டுங்கள். 1,000 கிலோமீற்றர் ஆனதும் வடிகால் போல்ட்டால் மட்டும் ஒயிலை இறக்கிப் புதிதாக ஊற்றுங்கள். இறக்கிய அளவைப் போத்தலில் அளந்து, அதே அளவை ஊற்றினால் போதும். அதன் பின் எங்கள் பக்கம் ஏறி வாருங்கள். நாலந்தை ஏற்றத்தில் மூன்றாம் கியர் எப்படிப் பிடிக்கிறது என்பதை இங்கே எழுதிவிடுங்கள்.